முதலில் பார்த்த டாக்டர்

மார்ச் 4

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்று இங்கே மூளை நரம்பு டாக்டரம்மாவைப் பார்த்தேன். சாப்பிட்டால் புரையேறுகிறது, குரல் கம்மிவிட்டது, இடது காது கேட்கவில்லை என்றேன். “நாக்கை நீட்டுங்கம்மா” என்றார். நீட்டினேன். அது இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கப்புறம் அவர் முகத்தில் சிரிப்பில்லை. சாயங்காலமே ஸ்கேன். மண்டையோட்டின் அடிப்பகுதியில், நரம்புகள் இறங்குகிற துளையை அடைத்துக்கொண்டு, நெல்லிக்காய் அளவுக் கட்டி.

“பல வருஷமா வளர்ந்திருக்கும்மா. யாரும் பார்க்கலையா?”

“வீட்டுக்காரரே காது மூக்கு தொண்டை டாக்டர்தான்” என்றேன்.

இதையெல்லாம் உங்களிடம் சொன்னபோது, மருமகன் முன்னால் என்ன சொன்னீர்கள்? “அறுபத்தேழு வயசுல இவளுக்கு நடிக்கிற ஆசை வந்துருச்சு.” எல்லோரும் சிரித்தீர்கள். நம் மகளும்தான்.

ஆபரேஷனுக்கு நீங்கள் வரக்கூடாது. கையெழுத்து தங்கை போடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் நாடகக்காரி


ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மகள் சொன்னாள். எனக்குப் போன உயிர் வந்தது. வயசானவர்களுக்குப் புரையேறுவது சகஜம்தானே. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். வீடு வீடாக இல்லை. வந்துவிடு.

இன்னொன்று. எங்கள் டாக்டர்கள் சங்கக் கூட்டத்தில் டாக்டரம்மா உன் கேஸைப் பற்றிப் பேசப்போகிறாராம், நீயும் போகிறாயாம். எனக்குப் பாராட்டு விழா நடப்பதும் அங்கேதான். முதலில் பார்த்தது யார் என்று மட்டும் வாய்திறக்காதே. உன் காலில் விழுகிறேன்.

என்றும் உன்னவன்


ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

டாக்டரம்மா பெரிய மனுஷி, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “முதல்ல பார்த்த டாக்டர் யாருங்க?” என்று கேட்டுவிட்டார். நீங்கள் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தீர்கள்.

என் பேச்சு இன்னும் குழறுகிறது. அந்த இரண்டு வார்த்தைக்காகக் கண்ணாடி முன் நின்று வாய் வலிக்கப் பழகியிருந்தேன்.

“என் வீட்டுக்காரர்.”

கடைசி வரிசைவரை கேட்டது.

நீங்கள் எழுந்து போனீர்கள். படியில் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நான் வருவேன் என்று திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்தேன். அதற்குள் இன்னொருவர் கேள்வி கேட்க எழுந்துவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
டாக்டரம்மாவின் நோயாளி