சட்டை அட்டையில் ஒரு சார்தீனிய அகராதி

நண்பா,

இன்று கடை அலமாரியைத் திறந்ததும் உப்பிட்டுக் காயவைத்த மடவை மீன் சினையின் வாசம் முகத்தில் அடித்தது. நீ போய் ஆறு மாதமாகியும் உன் அட்டைப்பெட்டிகளை விட்டு அது போகவில்லை. போகவும் வேண்டாம்.

யுத்தகாலத்தில் இத்தாலியக் கைதிகள் முகாமில் குமாஸ்தாவாக இருந்தபோது, சார்தீனியத் தீவுக்காரன் ஒருவனிடம் அவன் பாஷையைக் கற்றுக்கொண்டாய். தீவை ஆள்வது இத்தாலி, பாஷை வேறு. பிறகு பழவேற்காடு தபாலாபீசில் வேலை பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருஷம் அதற்குத் தமிழ் அகராதி எழுதினாய். ஊரே சிரித்தது. என் துணிக்கடைக்கு வரும் சட்டைகளுக்குள் இருக்கும் அட்டைதான் உனக்குக் காகிதம். அட்டைக்கு ஒரு சொல்.

நம் ஊரைப் போலவே அவன் ஊரிலும் உப்புநீர் ஏரி, ஏரியில் மடவை. வலைச்சொல் ஒன்றுக்குத் தமிழ் வேண்டுமென்றால் குப்பத்துக்கு நடப்பாய். "வல போடறவன் வாயால கேட்டாத்தான் எழுதுவேன் பாய்" என்பாய். ஊர் திரும்பிய அவன் கடிதத்தில் எழுதியபடியே சினையைக் காயவைத்தாய். நாஷ்டாவோடு அதைத் தின்ற பாவி நான் ஒருவன்தான்.

நாலு வருஷத்துக்கு முன் பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர் வந்து அட்டைகளைப் பார்த்து அசந்துபோனார். அச்சிடுகிறேன் என்றார். 'இத்தாலியக் கொச்சைமொழி அகராதி' என்று பெயர் போட வேண்டுமாம்.

நான் உன் காதோடு, "பேரு எப்டி இருந்தா இன்னா? புஸ்தகம் வந்தா போதாதா?" என்றேன்.

நீ பெட்டியை மூடினாய். "சார், எங்க குப்பத்து ஜனம் பேசறதயும் நீங்க கொச்சன்னுதான் சொல்வீங்க. அவங்களக் கேட்டுக்கினுதான் இத்த எழுதறேன். அந்தப் பேர்ல தரமாட்டேன்."

அவர் பஸ் ஏறியதும், "அவரு வெளியாளு. ஒனக்கு இன்னா பாய் ஆச்சு?" என்றாய். ஒரு மாதம் கடைப்பக்கம் வரவில்லை. அது இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் தப்பு என்மேல்.

போன வாரம் அதே பேராசிரியரின் கடிதம். இப்போதாவது அந்தப் பெயரில் அச்சிடலாமே என்று. செத்தவன் சண்டைக்கு வரமாட்டான் என்ற தைரியம். சட்டை அட்டையிலேயே பதில் எழுதினேன்: "சார்தீனிய–தமிழ் அகராதி. இந்தப் பெயரென்றால் வாருங்கள். இல்லையென்றால் பஸ் காசு மிச்சம்."

நேற்று தீவிலிருந்து உன் பெயருக்கு அவன் கடிதம். எனக்குப் படிக்கத் தெரியாது. நடுவில் ஒரு வலையை வரைந்து, கீழே ஒரு சொல் எழுதியிருந்தான். குப்பத்துக்கு எடுத்துப் போனேன்.

"இதான பாய்? நம்ம சுத்து வல" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்தவர்.

அவன் சொல்லை எழுத்துக்கு எழுத்து பார்த்து வரைந்து, பக்கத்தில் அவர் சொன்னதை எழுதி, புது அட்டையை உன் பெட்டியில் சேர்த்துவிட்டேன். கையெழுத்து கோணல்தான். நீ வந்து திட்டு.