மிஞ்சியவருக்கே முழு வீடு

மார்ச் 4

மதிப்பிற்குரிய நாத்தனாருக்கு,

இங்கு நானும் மகளும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் அண்ணன் இந்த வீட்டில் தன் பாதியை எனக்கு உயில் எழுதிவைத்துவிட்டுப் போனார் அல்லவா? அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். நீங்களும் உங்கள் அண்ணனும் சேர்ந்து வீடு வாங்கிய பத்திரத்தைப் படித்தவர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நம் கடையில் வாங்கிய கண்ணாடிதான். "இதுல அவருக்குன்னு தனிப் பாதியே கிடையாதும்மா. ஒருத்தர் போனா மிஞ்சினவருக்கே முழுசும். உயில் செல்லாது" என்றார்.

கீழே கண்ணாடிக் கடை, மாடியில் குடித்தனம், எல்லாமே இப்போது உங்களுடையது. மகளுக்குப் பரீட்சை முடியும்வரை மட்டும் இருக்க விடுங்கள். அதற்குள் கடைக்கு வேறு இடம் பார்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணி,

மதிப்பிற்குரியவளா? நான் என்ன நீதிபதியா? பஸ் ஓட்டுகிறவள்! டிப்போவில் உங்கள் கடிதத்தைப் படித்து ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அழுதேன். கண்டக்டர் பதறிப்போய், "என்னக்கா, பிரேக் புடிக்கலையா?" என்றார்.

நடந்தது இதுதான். வீடு வாங்கும்போது நானும் அண்ணனும் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் போட்டிருந்தோம். "பாதி பாதியாப் பிரிச்சு எழுதவா, மிஞ்சினவருக்கு முழுசும்னு எழுதவா?" என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். "முழுசும்னே எழுதுங்க. இந்த வாலுதான் எனக்கு அப்புறமும் ஆட்டம் போடுவா" என்றான் அவன். அடுத்த வருஷமே உங்களைப் பார்த்தான், சபதம் காற்றில் பறந்தது. பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று அந்த மடையனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பாதியை உங்கள் பேருக்கு எழுதித் தருகிறேன். மூட்டை கட்டுவதை நிறுத்துங்கள்.

அன்புடன்,
நாத்தனார்


மார்ச் 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் இரக்கப்பட்டுக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு காலம் முழுக்க உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட நீங்கள் தங்கியதில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றுதானே நினைத்திருந்தேன்?

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை வந்தபோது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து விருந்தாளிக்கான கண்ணாடி டம்ளரை எடுத்து, துடைத்து, தட்டில் வைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் வாங்கிய வீட்டில் நான் விருந்தாளி! வயிறு எரிந்துபோய் அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அந்தக் கோபத்தை இத்தனை வருஷம் கட்டிக்காத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இதில் இரக்கம் எங்கே வந்தது? உயிலில் அவன் எழுதியது அவன் ஆசை. சட்டம் கேட்காவிட்டால் என்ன, தங்கச்சி கேட்க மாட்டேனா?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பழையபடி மிஞ்சியவருக்கே முழுதும் என்று எழுதிவிடலாமா? எனக்குப் பின்னால் உங்களுக்கு எந்தத் தொல்லையும் இருக்காது.

நாத்தனார்


ஏப்ரல் 5

அன்புள்ள வாலு,

உன் அண்ணன் கூப்பிட்ட பேர். ரொம்ப நாளாக எனக்கும் அப்படிக் கூப்பிட ஆசை, தைரியம்தான் வரவில்லை.

பிடிக்காமல் அந்த டம்ளரை எடுக்கவில்லையடி. அப்போது நான் புதுப்பெண். வீட்டிலேயே உசத்தியானது எதுவோ அதில் உனக்குக் கொடுக்க நினைத்தேன்.

பாதியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பழையபடி வேண்டவே வேண்டாம். நான் முந்திக்கொண்டால் என் மகள் அதே வக்கீல் முன்னால் போய் நிற்பாள். நீ முந்திக்கொண்டால், நீ போனதால் எனக்கு ஒரு வீடு கிடைக்கும். ஒருமுறை அந்தப் பத்திரத்தைப் படித்ததே போதும். தனித்தனிப் பாதியாகவே எழுதுவோம். உன் பாதியை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு, எனக்குக் கவலையில்லை.

கட்டிய மூட்டைகளை எல்லாம் மகள் பிரித்துவிட்டாள். பத்திரம் எழுத வரும்போது லீவு போட்டுவிட்டு வா. மாடியில் தெருவைப் பார்த்த அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று, தண்ணீரெல்லாம் கொண்டுவந்து கொடுக்க மாட்டேன். சமையலறைக்குப் போய் நீயே எடுத்துக் குடி.

உன்
அண்ணி