பத்தாம் நம்பர் ராடு

சின்னமனூர்
12.01.2025

தங்கப்பாண்டிக்கு,

அன்புள்ள என்று எழுதப் பேனா வரவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால் உன் பெண்டாட்டி சுப்புத்தாயிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் மகளான எனக்கும் பங்கு கேட்டேன் என்பதற்காக, என் வண்டிப்பாதையை அடைக்கக் கேட் செய்கிறாய். ரோட்டோரத்து முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு, கேட் நிற்கப்போவது நடு எல்லையில். உன் நிலத்தைத் தாண்டாமல் என் தோட்டத்துக்கு டெம்போ வராது. மாசி பிறந்ததும் நான் பழம் வெட்ட வேண்டும். அது தெரிந்துதான் செய்கிறாய். செய்.

ஆனால் ஓடைப்பட்டிக்கு வந்தபோது அந்தக் கேட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவளுக்கு வயிறு எரிந்தது. பைப்பெல்லாம் ஓட்டை. பெயிண்டைச் சுரண்டாமலே ஒட்டியிருக்கிறாய். நாளைக்குச் சுப்புத்தாய் புல்லுக்கட்டோடு சாய்ந்தால் மொத்தமும் அவள் மேல் விழும். என்னை அடைக்கிற கேட்டையாவது உருப்படியாகச் செய்.

மாரீஸ்வரி


ஓடைப்பட்டி
15.01.2025

திருமதி மாரீஸ்வரி அவர்களுக்கு,

பங்கு கேட்டு என்னை ஊர் நடுவில் நிற்க வைத்தவர் நீங்கள். இப்போது என் கேட்டுக்கு மார்க் போட வந்துவிட்டீர்கள்.

உங்களுக்குப் பயந்து இந்தப் பக்கத்து வெல்டர் எவனும் வேலைக்கு வரவில்லை. அதனால்தான் நானே மெஷின் வாங்கினேன். எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். மெல்லிய பைப்புக்கு மெல்லிய வெல்டிங் ராடு என்று எனக்கும் தெரியும். கடைக்காரர் பன்னிரண்டாம் நம்பரை நீட்டினார். அது தடியாக இருக்கும் என்று நான்தான் பத்தாம் நம்பர் கேட்டு வாங்கினேன். ஓட்டை விழுந்ததற்குக் காரணம் மட்டமான பைப்பு.

இதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.

தங்கப்பாண்டியன்

பி.கு: ராடு பைப்பிலேயே ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் வர மாட்டேன் என்கிறதே, அது ஏன்?


சின்னமனூர்
16.01.2025

தங்கப்பாண்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்து சிரித்தேன். கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

மடையா, நம்பர் ஏற ஏற ராடு மெலியும். பத்துதான் தடி, பன்னிரண்டுதான் மெல்லிசு. பன்னிரண்டாம் நம்பரில் அட்டை மேல் 6013 என்று போட்டதாகப் பார்த்து வாங்கு. பழகுகிற கைக்கு அதுதான் அடங்கும். மெஷினில் கரண்ட்டை எழுபது ஆம்பியரில் வைத்து ஆரம்பி. ராடை இரும்பில் குத்தினால் ஒட்டத்தான் செய்யும். தீக்குச்சி மாதிரி உரசு. நெருப்பு பிடித்ததும் ராடின் தடிமன் அளவுக்குத் தூக்கிப் பிடி, அதற்கு மேல் வேண்டாம். கேட்டில் கை வைப்பதற்கு முன்னால் துண்டுப் பைப்பில் ஒட்டி, கசடைத் தட்டிவிட்டு, சுத்தியலால் ஓங்கி அடி. ஒட்டு விடாமல் பைப்பு வளைந்தால் கேட்டுக்குப் போ.

இன்னொன்று. "அவுக ராடை அட்டைய விட்டுப் பிரிச்சு மோட்டார் ரூம்ல பனியில போட்டு வச்சிருக்காக மதினி" என்றாள் சுப்புத்தாய். நமுத்த ராடில் ஒட்டினால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே பொடி ஓட்டையாக இருக்கும். ரெண்டு ராடைத் தட்டிப் பார். கணீர் என்றால் காய்ந்தது, மொத்தென்றால் நமுத்தது. பழைய தோசைக்கல்லில் போட்டு ஒரு மணி நேரம் புரட்டிக் காய வை. அது முடியாவிட்டால், எவ்வளவு அவசரமானாலும் வேலையை நிறுத்து.

இதெல்லாம் உனக்காக இல்லை, சுப்புத்தாய்க்காக.

மாரீஸ்வரி


ஓடைப்பட்டி
03.02.2025

மாரீஸ்வரி அவர்களுக்கு,

துண்டுப் பைப்பை அடித்தேன். வளைந்தது, ஒட்டு விடவில்லை. கேட்டும் முடிந்துவிட்டது. நீங்கள் சொன்னதால் இல்லை, என் கை பழகியதால். வீட்டில் ஒரே தோசைக்கல்தான் இருக்கிறது. அதில் ராடு காய வைத்ததற்குச் சுப்புத்தாய் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் உங்களால்தான்.

இந்த வாரம் மாட்டுகிறேன். மாசியில் உங்கள் பழத்தை ஓடை வழியாகத் தலைச்சுமையாகக் கொண்டுபோங்கள். பங்கு கேட்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

தங்கப்பாண்டியன்


சின்னமனூர்
13.02.2025

தங்கப்பாண்டிக்கு,

நாளை மறுநாள் பழம் வெட்டு. குமுளி வியாபாரி காலை ஆறு மணிக்கு டெம்போ அனுப்புகிறேன் என்றார். ரோட்டிலேயே நிறுத்துங்கள், தலைச்சுமையாகக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று ஓடையில் இறங்கி என் பக்கம் போய்க் கேட்டைப் பார்த்தேன். கம்பி கம்பியாகத் தட்டினேன். ஒட்டு நன்றாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது.

ஆனால் தாழ்ப்பாளையும் பூட்டு வளையத்தையும் என் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாயே. நீ எப்படிப் பூட்டுவாய்? பழகுகிறவன் செய்த தப்பை வைத்து நான் வண்டி விட மாட்டேன். எனக்குப் பிச்சையும் வேண்டாம். அறுத்து உன் பக்கம் ஒட்டிக்கொள்.

மாரீஸ்வரி


ஓடைப்பட்டி
14.02.2025

அக்காவுக்கு,

தாழ்ப்பாளை மாற்றத்தான் போனேன். ரெண்டே ரெண்டு ராடுதான் மிச்சம் இருக்கிறது. தட்டினால் மொத்தென்றது. காய வைக்கச் சுப்புத்தாய் தோசைக்கல்லைத் தர மாட்டாள். எவ்வளவு அவசரமானாலும் நமுத்த ராடில் ஒட்டாதே என்று எழுதியது நீதான்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தாழ்ப்பாள் அங்கனயே இருக்கட்டும். ஆறு மணிக்கு டெம்போவை உள்ளேயே வரச் சொல்.

பூட்டு மட்டும் நீயே வாங்கிக்கொள்.

தம்பி