சுத்த ரத்தம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுவதாக இருந்தால், முதலில் உறைக்குள் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிழியுங்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியாதா? நேற்று அணைத்த போனை நீங்கள் இன்னும் போடவில்லை. எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. காட்டுக்குள் இருக்கும் உங்கள் சுரங்க முகாமுக்குச் சாமான் ஏற்றி வரும் வேன் ஓட்டுநர் நாளைக் காலையில் கிளம்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"உங்க ரத்தம் சுத்தமில்லண்ணா, ஆப்பரேஷன் வேண்டாம்." இதைத்தானே சொன்னேன்? சொல்லி முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பக்கம் உங்கள் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு நீங்கள் மெதுவாக, "சரிம்மா, புரிஞ்சுது" என்றீர்கள். அவ்வளவுதான், லைன் போய்விட்டது. நீங்கள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் "சரிம்மா"வைத் தாங்க முடியவில்லை. ஆய்வுக்கூட வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவின் மூத்த தாரத்துப் பிள்ளை நீங்கள், இளைய தாரத்துப் பெண் நான். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், என் அம்மாவின் அக்கா, அந்தப் பெரியம்மா, உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம ரத்தமா?" என்று என் அம்மாவின் காதைக் கடிப்பார். காதைக் கடிப்பது என்று பேர்தான், கூடம் முழுக்கக் கேட்கும். நீங்கள் காதில் விழாதவர் மாதிரி நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த நான் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரிடம்? என் புருஷனுக்குக் கிட்னி தருகிறேன் என்று தானாக வந்து நின்றவரிடம். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

சத்தியமாக அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை அண்ணா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மலேரியாக் கிருமி இல்லாத ரத்தத்துக்குச் "சுத்த ரத்தம்" என்று பேர். கிருமி கலந்தது "நோய் ரத்தம்". "இன்னிக்கு சுத்தம் வந்தாச்சா?" "சுத்தத்த எந்தக் கூண்டுக்குக் குடுக்கறது?" என்று நாள் முழுக்க இதே பேச்சுத்தான். வாயில் ஊறிப்போன சொல் பதற்றத்தில் அப்படியே வெளியே வந்துவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். பத்து நாளைக்கு முன்பு கிட்னிப் பொருத்தம் பார்க்க நீங்கள் வந்திருந்தபோது என் வேலையைப் பார்க்க வேண்டும் என்றீர்களே, நினைவிருக்கிறதா? கொசு அறைக்குள் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் கொசுவ அடிக்குது, எந்தங்கச்சி உக்காந்து வளக்கறா" என்று சிரித்தீர்கள். சுத்த ரத்தம் தர வேண்டிய ஆள் அன்று வரவில்லை. நீங்களே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "மாப்ளைக்குக் கிட்னி, கொசுவுக்கு ரத்தம். வந்ததுக்கு ஒரு கை குடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள். மருத்துவமனையில் உங்கள் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் எடுத்தேன்.

அன்று அந்த ரத்தத்தை இரண்டு கூண்டுக்குக் கொடுத்தோம். ஒன்றில் இருந்தவை சாதாரணக் கொசுக்கள். இன்னொன்றில் இருந்தவை நான் ஊசி போட்டவை. கொசுவுக்கும் உடம்புக்குள் ஒரு காவல் உண்டு அண்ணா. அதன் உடம்பில் ஓடும் ஒரு புரதம், மலேரியாக் கிருமி வயிற்றுச் சுவரைத் தாண்டும்போது அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கிருமி காலி. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் செய்தியை வழியிலேயே அழித்துவிடுகிற ஊசியைத்தான் நான் போடுகிறேன். செய்தி போகாவிட்டால் புரதம் இல்லை, புரதம் இல்லாவிட்டால் காவலும் இல்லை. காவல் இல்லாத கொசு வெறும் சுத்த ரத்தத்தைக் குடித்துப் பிழைக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் சோதனை. கிருமிக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு வாரம் கழித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொள்ள, கொசுக்களின் வயிற்றைப் பிரித்துச் சாயம் தோய்த்துப் பார்ப்போம். சாதாரணக் கூண்டில் ஒன்றுமில்லை. ஊசி போட்ட கூண்டை எடுத்தேன். முதல் வயிற்றிலேயே மூன்று உருண்டைகள், நல்ல வட்டமாக, சாயம் பிடித்துச் சிவப்பாக உட்கார்ந்திருக்கின்றன. மலேரியாக் கிருமி கொசு வயிற்றில் கட்டுகிற கூடு அது. வருஷக்கணக்காகப் பார்த்த கண், தப்பாது. அடுத்த வயிற்றில் ஐந்து. எனக்கு வந்த கோபம்! யாரோ நோய் ரத்தத்தை மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துக் கொசு அறை அக்காவைப் பிடித்துக் கன்னாபின்னாவென்று கத்தினேன். அந்த அம்மா கூண்டைத் துடைத்துக்கொண்டே, "அந்த வாரம் நோய் ரத்தமே வரல. எத மாத்தி ஊத்தறது, எந்தலைய மாத்தி ஊத்தறதா?" என்று கேட்டுவிட்டார்.

உங்கள் ரத்தத்தில் மிச்சம் கொஞ்சம் உறைபெட்டியில் இருந்தது. அதிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் வைத்தேன். கிருமியின் மரபணு ஒரே ஒரு துணுக்கு இருந்தால்கூட அதைப் பல கோடியாகப் பெருக்கிக் காட்டிவிடும். இல்லாவிட்டால் திரையில் கோடு படுத்தே கிடக்கும். அது கிடக்கவில்லை, எழுந்தது. மறுபடி புதிதாகப் போட்டேன், மறுபடியும் எழுந்தது. பின்னால் நின்றுகொண்டிருந்த எங்கள் பேராசிரியை, "யாரோட ரத்தம் இது?" என்றார். "எங்கண்ணனோடது மேடம்" என்றேன். அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பகீரென்றது. வருகிற வாரம் ஆப்பரேஷன். உங்கள் கிட்னியை உங்கள் மாப்பிள்ளையின் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, அவருடைய எதிர்ப்புச் சக்தியை மாத்திரை கொடுத்து அடக்கப்போகிறார்கள். நான் கொசுவுக்கு ஊசியில் செய்ததை டாக்டர் அவருக்கு மாத்திரையில் செய்யப்போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். காவல் இருந்த கூண்டில் ஒன்றுமில்லை, காவல் போன கூண்டில் அத்தனை கூடு. உங்கள் கிட்னிக்குள் தங்கியிருக்கும் கொஞ்ச ரத்தம் போதுமே அண்ணா! அவர் படுக்கையில் கிடப்பதும், காய்ச்சல் ஏறுவதும், கிட்னி ஒட்டவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் வேறு எதையோ தேடிக்கொண்டு நிற்பதும் எனக்கு அப்படியே தெரிந்தது. அந்த நிலையில்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மாப்பிள்ளை டயாலிசிஸ் முடித்து வந்து துவண்டு போய்ச் சோபாவில் சாய்ந்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தேதி போச்சே, இனி என்ன செய்வது, யாரைப் போய்க் கேட்பது என்று அழுதேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "மச்சானுக்குக் காய்ச்சல் இருக்கா?" என்றார்.

"யாருக்கு?" என்றேன்.

"அவருக்குத்தானே மலேரியா? எப்படி இருக்கார்னு கேட்டியா இல்லியா?" என்றார். நான் கேட்கவில்லை அண்ணா. கேட்கவே தோன்றவில்லை. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எழுந்து நிற்கத் தெம்பில்லாத மனிதர், குரல் மட்டும் எங்கிருந்துதான் வந்ததோ. "உங்கண்ணன் என்ன, உதிரி பாகக் கடையா? சாமான் சரியில்லன்னு போன் போட்டுச் சொல்றே?" என்றார்.

இயந்திரத்தில் கோடு எழுந்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை. மலேரியாவே தொழிலாக இருக்கிறவள் நான். என் அண்ணன் உடம்பில் அது இருக்கிறது என்று என் கையாலேயே கண்டுபிடித்துவிட்டு, நாள் முழுக்க ஒரு தடவைகூட உங்களைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் கிட்னியைத்தான். நீங்கள் "புரிஞ்சுது" என்று சொன்னது ரத்தத்தைப் பற்றி இல்லை, என்னைப் பற்றித்தான் என்று இப்போது படுகிறது. நீங்கள் புரிந்துகொண்டதில் தப்பில்லை.

இனி உங்கள் உடம்பைப் பற்றி. "எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல" என்று மார் தட்டாதீர்கள். அந்த ஈரக் காட்டில் பல தடவை கடி வாங்கிப் பழகிய உடம்பு, கிருமியை ஒழிக்கவும் முடியாமல் வளரவும் விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும். ரத்தத்தில் அது அவ்வளவு குறைவாக இருப்பதால்தான் மருத்துவமனைக் கண்ணில் படவில்லை. ஆனால் என்றைக்காவது உடம்பு அசந்தால் அது தலைதூக்கிவிடும். அங்கே இரவில் உங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் இல்லை.

மாத்திரையை டாக்டர் உங்கள் எடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள், காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு. காய்ச்சல் இல்லை என்று இரண்டாம் நாளே நிறுத்திவிடாதீர்கள், உங்கள் குணம் தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் முகாம் நர்ஸம்மாவுக்குத் தனிச் சீட்டு வைத்திருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களையும் சோதிக்கச் சொல்லுங்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை.

டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் மருந்தை முடித்து, அடுத்தடுத்த சோதனைகளிலும் கிருமி இல்லை என்று வந்தால் ஆப்பரேஷனுக்கு வேறு தேதி பார்க்கலாமாம். உங்கள் மாப்பிள்ளை கையில் டயாலிசிஸுக்கு ஊசி ஏற்றுகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. அது எவ்வளவு நாள் தாங்கும் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இதை வைத்து உங்களை இழுக்கவில்லை. என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு நீங்கள் தர முடியாது என்றால், அதைக் கேட்க எனக்கு வாயில்லை. தந்தாலும் தராவிட்டாலும் மாத்திரையைச் சாப்பிட்டே ஆக வேண்டும். கிட்னி வேறு யாரிடமாவது கிடைத்தாலும் கிடைக்கும். அண்ணனுக்கு நான் எங்கே போவேன்?

பக்கத்தில் படுத்துக்கொண்டு, என்ன எழுதினே, படி என்று நச்சரிக்கிறார் உங்கள் மாப்பிள்ளை. "மச்சான் நல்லவிதமாகப் பேச வேண்டாம், கூப்பிட்டு உன்னை நாலு திட்டு திட்டட்டும், அது போதும்" என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

எல்லோரும் கடிதத்தின் தலையில் எழுதுகிற விசாரிப்பு. நேற்றே கேட்டிருக்க வேண்டியது, இப்போதுதான் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணா?

உங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் தங்கை