ஆந்தை எழுதாத சீட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்று, கலங்கரை விளக்கத்தில் தனியாக இருந்துகொண்டு போகிற வருகிற கப்பலோடெல்லாம் சண்டை போடும் கிழவியின் கதைக்கு. “குறை: கடல் எல்லாப் பக்கத்திலும் ஒரே நீலம். வரைந்தவருக்கே அலுத்துப்போயிருக்கிறது.” இன்னொன்று, துப்பறியும் சமையல்காரர் நான்காம் பாகத்துக்கு. “குறை: கொலைகாரன் யார் என்று அட்டைப் படமே சொல்லிவிடுகிறது.”

எங்கள் காமிக்ஸ் கடையின் வழக்கம் இது. எங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் கீழே கையால் எழுதிய சீட்டு ஒட்டுவோம். ஏன் பிடித்தது என்று ஒரு வரி, என்ன குறை என்று ஒரு வரி. குறை இல்லாமல் சீட்டு ஒட்டக்கூடாது. பெயருக்குப் பதில் ஒரு படம். நான் ஆந்தை. கூட வேலை பார்க்கிற அண்ணன் மீசை. அவருக்கு மீசை கிடையாது. முளைக்கவே மாட்டேன் என்கிறதாம், சீட்டிலாவது இருக்கட்டும் என்று வரைகிறார். சீட்டை நம்பி வாங்கியவர் சண்டைக்கு வந்தால் எழுதியவர்தான் போய் நிற்க வேண்டும். முதலாளி குறுக்கே வரமாட்டார். அவர் காமிக்ஸ் படிப்பதே இல்லை. “மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்ன ஆரம்பிச்சா கடை உருப்படுமா?” என்பார்.

சாயங்காலம் அக்கா கேட்டாள்: “இன்னிக்கும் பொம்மைப் புத்தகத்துக்குக் குறை சொல்லிட்டு வந்தியா? அதுக்குச் சம்பளம் வேற. நான் இந்த வீட்ல காலம்பூரா சும்மாவே சொல்லிட்டிருக்கேன்.”

மார்ச் 5, வியாழன்

மழை. கூட்டமில்லை. மீசை அண்ணன் ஒரு காவல் நாயின் கதையைப் படித்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கேட்டால் தூசியாம்.

மார்ச் 9, திங்கள்

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

காலையில் கடையைத் திறந்தால் முன்வரிசை அலமாரி முழுக்க ஒரே பதிப்பகத்தின் புத்தகங்கள். எல்லாம் கண்ணாடிக் காகிதத்தில் ஒட்டி மூடியவை. ஒவ்வொன்றின் கீழும் பளபளப்பாக அச்சடித்த சீட்டு. சீட்டின் மூலையில் ஆந்தை. என் ஆந்தை! அதற்குக் கண்ணிமை மயிரெல்லாம் வைத்து, பல்லைக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். ஆந்தைக்கு ஏதய்யா பல்லு?

முதலாளி ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். பதிப்பகத்து ஆள் வந்து முன்வரிசையை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டானாம். “உங்களுக்கு எழுதுற வேலை மிச்சம் பாரு.”

“நான் இதுல ஒண்ணுகூடப் படிக்கலையே.”

“படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? நல்லாத்தானே எழுதியிருக்கான்.”

“குறை எங்க?”

“குறையில்லாத புத்தகம்னு வச்சுக்கோயேன்.”

அப்படியானால் பிரித்துத் தாருங்கள், இன்றைக்கே படித்துவிடுகிறேன் என்றேன். பிரிக்கக்கூடாதாம், பிரித்தால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். ஆந்தையையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது இது, அப்படியே எழுதி வைக்கிறேன்: “ஆந்தை கடையோடது. நீ இன்னிக்கு இருப்பே, நாளைக்குப் போவே. ஆந்தை இருக்கும்.”

மத்தியானம் வரை பொறுத்தேன். யாராவது அந்தச் சீட்டைப் பார்த்துப் புத்தகத்தில் கை வைத்தால் பக்கத்தில் போய் நின்று, “அது நான் எழுதினது இல்லைங்க” என்றேன். கேட்டார்கள், சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஆள் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“நாளையிலேருந்து நீ கிடங்குல பெட்டி பிரி.”

மார்ச் 10, செவ்வாய்

கிடங்கு. மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. ஆந்தையை எங்கே வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மீசை அண்ணன் தேநீர் கொண்டுவந்தார். “கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இரு. அவரே மறந்துடுவாரு.” அவருடைய மீசையையும் அச்சடிக்கப் போகிறார்களாம், அடுத்த மாதம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம்.

நான் மறக்க மாட்டேன்.

மார்ச் 14, சனி

எப்படி எழுதுவது இதை.

அடிக்கடி வருகிற பஸ் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். போன வருஷம் மனைவி இறந்துவிட்டார். ஒரே பெண், பத்து வயதிருக்கும். சனிக்கிழமை தோறும் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: “சிரிப்பா ஏதாவது இருக்காம்மா?” நானும் ஒவ்வொரு வாரமும் தேடித் தேடி, புத்தகத்தை மூடிய பிறகும் சிரிப்பு வருகிற மாதிரி எடுத்துக் கொடுப்பேன்.

நான் கிடங்குக்குப் போன அன்றே, சனிக்கிழமைகூடப் பொறுக்காமல் வந்திருக்கிறார். என்னைக் காணோம். சீட்டைப் பார்த்தே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். “சாய்ந்த வீட்டுக்காரர்கள்” என்று ஒரு புத்தகம். “வயிறு வலிக்கச் சிரிக்கலாம்! குழந்தைகளுக்கு ஏற்றது!” கீழே ஆந்தை, பல்லைக் காட்டிக்கொண்டு.

இன்று அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆந்தையைக் கூப்பிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வழக்கப்படி நான் மேலே வந்து நின்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. புத்தகத்தை மேசையில் வைத்து நடுப்பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்தக் குடும்பத்து அம்மா ஆஸ்பத்திரியில் செத்துப் போகிறாள். அடுத்த பக்கம் வெறும் கட்டில். “இது வரைக்கும் சிரிச்சுக்கிட்டுதான் படிச்சா. அப்புறம் மூடி வச்சுட்டா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா.” புத்தகத்தை மூடிவிட்டு, “ஆந்தை சொன்னா சரியா இருக்கும்னு புரட்டிக்கூடப் பாக்காம குடுத்துட்டேன்.”

“நான் எழுதலைங்க” என்றேன்.

“படம் உன்னோடதுதானேம்மா?”

என்ன சொல்வேன்? என்னோடதுதான். என்னோடதேதான்! கையால நூறு தடவை வரைஞ்சு வரைஞ்சு ஊரையே நம்ப வச்சவ நான்தானே? கடையோடதாம் கடையோடது. கடையா வந்து அவர் எதிர்ல நின்னுச்சு?

அவர் போனதும் முன்வரிசைக்குப் போய் அச்சடித்த சீட்டு அத்தனையையும் கிழித்தேன். ஒன்று விடாமல். முதலாளி எழுந்து வந்தார். அவரிடம் நடுப்பக்கத்தைத் திறந்து நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தார், மூடினார். “நாம என்ன பண்ண முடியும், அவங்க எழுதிக் குடுத்தது.” பிறகு சொன்னார்: “திங்கக்கிழமை நீ வர வேண்டாம்.”

மார்ச் 15, ஞாயிறு

அக்கா: “ஒரு ஆந்தைப் படத்துக்காகவா வேலைய விடுவே?”

“ஆமா.”

“உனக்கு என்னடி வந்துச்சு, துணிக்கடையில கேட்டு வைக்கிறேன், வாய மூடிட்டு—”

“நான் விடலைக்கா. அவர்தான் வராதேன்னாரு. ரெண்டும் ஒண்ணில்ல.”

மார்ச் 16, திங்கள்

வர வேண்டாம் என்றார். போனேன்.

வழக்கமான நேரத்துக்குப் போய் வாசிப்பு மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலாளி என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். வேலைக்காரியைத் துரத்தலாம், வாடிக்கையாளரைத் துரத்த முடியுமா? ஓட்டுநர் திருப்பித் தந்த புத்தகம் பிரித்தபடி கிடந்தது, திருப்பி அனுப்பவும் முடியாது. காசைக் கொடுத்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது நல்ல புத்தகம்.

வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தட்டு வழுக்கும், கட்டில் உருளும், தாத்தா தூக்கத்தில் சமையலறைக்கே போய்விடுவார். சத்தமாகச் சிரித்தேன். முதலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பிறகு அம்மா போகிறாள். வீடு அதே சாய்வில்தான் நிற்கிறது, ஆனால் இப்போது உருளும் பொருள்களைப் பிடிக்க ஆளில்லை. இதை வரைந்தவர் உயிரைக் கொடுத்து வரைந்திருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் துரோகம் செய்திருக்கிறது அந்தப் பளபளப்புச் சீட்டு.

அங்கேயே உட்கார்ந்து சீட்டு எழுதினேன். “பிடித்தது: வீடும் ஒரு ஆள் மாதிரி நடந்துகொள்கிறது. குறை: நடுவில் அம்மா இறந்துவிடுகிறார். தெரிந்து வாங்குங்கள்.” ஆந்தை வரைந்தேன், பல்லில்லாமல். கொண்டுபோய் ஒட்டினேன்.

முதலாளி பிய்த்தார். “சாவுன்னு எழுதினா எவன் வாங்குவான்?”

“தெரிஞ்சு வாங்குறவன் வாங்குவான்.”

மறுபடி எழுதி ஒட்டினேன்.

மார்ச் 18, புதன்

பிய்த்தார். ஒட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

பிய்த்தார். நான் எழுந்து போவதற்குள் மீசை அண்ணன் ஒட்டிவிட்டார். என் வாசகம், அவருடைய மீசை. முதலாளி, “நீயுமா?” என்றார். அண்ணன் முகம் வெளிறி இருந்தது, ஆனால் சொல்லிவிட்டார்: “என் மீசையை அச்சடிக்க வேண்டாங்க. எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க இருமினார். அந்தச் சீட்டை இன்று பிய்க்கவில்லை.

மார்ச் 21, சனி

ஓட்டுநர் வந்தார், மகளோடு. அவரை மறுபடி பார்க்க முடியும் என்றே நான் நினைக்கவில்லை.

“அந்தப் புத்தகம் திரும்ப வேணுமாம்” என்றார், எனக்கும் புரியவில்லை என்கிற முகத்தோடு.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பாதியில வாங்கிட்டு வந்து குடுத்துட்டார் இவரு. முடிவு தெரிய வேணாமா?”

என் பிரதியையே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் போனவள் சீட்டை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு யார் எழுதியது என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டாள், வாத்தியார் கூப்பிடுகிற மாதிரி.

“இது தப்பு. அம்மா செத்துப் போறது குறையில்ல. அது கதை.”

இத்தனை வருஷமாகக் குறை எழுதுகிறேன், என் சீட்டுக்கே குறை சொன்ன முதல் ஆள் இவள்தான். எச்சரிக்கையாகத்தான் எழுதினேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. அவள் சொன்னது சரி.

“அப்போ எது குறை?” என்றேன்.

“முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேன். படிக்காம எப்படிச் சொல்றது?”

கல்லாவில் முதலாளி தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடினார்.

மார்ச் 23, திங்கள்

என்னைப் பார்த்ததும் முதலாளி சொன்னது: “முக்காலிய எடுத்து உள்ள வை. வேலை நேரத்துல உக்காந்திருக்கே.”

அவ்வளவுதான். மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பதிப்பகத்து ஆள் புதுச் சீட்டுக் கட்டு அனுப்பியிருந்தான். அது மேசைக்கடியில் கிடக்கிறது, பிரிக்காமல்.

அக்காவிடம் சொன்னேன். “பெரிய போராளி” என்றாள். பிறகு, “அந்த சாய்ஞ்ச வீட்டுப் புத்தகத்த ஒருநாள் கொண்டா, பாக்கலாம்.”

மார்ச் 28, சனி

மூச்சிரைக்க முதலில் அவள் வந்தாள், பின்னால் ஓட்டுநர். “முடிச்சுட்டேன். சீட்டு குடுங்க.”

வெற்றுச் சீட்டும் பேனாவும் கொடுத்தேன். மேசையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். படம் வரைய ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பல்லி. வால் மட்டும் சீட்டுக்கு வெளியே போய்விட்டது. அண்ணன் ஒட்டியிருந்த, என் வாசகம் உள்ள சீட்டை நானே எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காட்டினேன். முதலாளி ஒட்டு நாடாவைக் கிழித்து நீட்டினார், யாரும் கேட்காமலே.

“பிடித்தது: தாத்தா தூங்கிக்கொண்டே போவது. குறை: அம்மா செத்த பிறகு எல்லாரும் ரொம்பச் சீக்கிரம் சிரிக்கிறார்கள்.”

ஓட்டுநர் கிட்டப் போய் அதைப் படித்தார். மறுபடி படித்தார். மகள் அதற்குள் அடுத்த அலமாரிக்குப் போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார், நிறுத்தினார்.

“இன்னிக்குச் சிரிப்புப் புத்தகம் வேணாம்மா” என்றார். “வேற குடுங்க. நானும் கூட உக்காந்து படிக்கிறேன்.”