பச்சைக்கு ஒரு ஊக்கு, நீலத்துக்கு இரண்டு

என் தங்கக் குட்டிக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே சுகம். நானும் சுகம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை.

இப்போதெல்லாம் நான் தைத்துக் கொடுக்கும் திரைச்சீலைக் கடைக்கு யார் வந்தாலும் மரகதப் பச்சை, நீலக்கல் நீலம், மாணிக்கச் சிவப்பு என்றுதான் கேட்கிறார்கள், சோபா உறையிலிருந்து உடுத்துகிற கவுன் வரை கல் நிறம்தான், நான் தைப்பது நகைக்கடைக்கா என்று எனக்கே சந்தேகம். போன மாதம் பல் டாக்டரம்மா வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு மரகதப் பச்சையில் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தேன். மாட்டிவிட்டு வந்த கடைக்காரர், அக்கா ஒண்ணு பச்சை ஒண்ணு நீலமா தச்சிருக்கீங்களே, அந்தம்மா இதான் புது ஃபேஷன்னு சந்தோஷப்பட்டுட்டாங்க, மிச்ச மூணு ஜன்னலுக்கும் இதே மாதிரி வேணுமாம் என்றார். சிரித்து வைத்தேன். நான் இரண்டும் பச்சை என்று நினைத்துத்தான் தைத்தேன் கண்ணு.

இருபத்தெட்டு வருடமாக எந்தத் துணிக்கு எந்த நூல் என்று யோசிக்காமல் எடுத்த கை இது. இப்போது இரண்டு துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாலும் ஒரே மங்கலாகத்தான் தெரிகிறது. கடையில் துணி வெட்டும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் கேட்டு, பச்சைக்கு ஒரு ஊக்கு, நீலத்துக்கு இரண்டு என்று குத்தி வைத்தேன். நேற்று உன் அப்பா, துணி கிழிஞ்சிடப் போகுதுன்னு பொறுப்பாக அத்தனையையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன். தையல் போனால் போகட்டும், அடுத்து எது போகும், உன் முகமா என்று நினைத்தால் உட்காரவும் முடியவில்லை. பயமாக இருக்கிறது குட்டி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருப்பேன், நானே கண் டாக்டர் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

விளக்கை அணைத்துவிட்டு கைபேசி பார்க்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. புது வீட்டில் நீயே வண்ணம் அடித்த சுவருக்கு முன்னால் நின்று படம் அனுப்பினாயே, அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்று, நானும் பிரமாதம் என்று பதில் போட்டேன். அது என்ன நிறம்?

உன் அம்மா