ஃப்ரிட்ஜுக்கு ஹீட்டர் வைத்த கதை

கேத்தி,
சனிக்கிழமை.

அன்பு மகள் காயத்ரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், ஃப்ரிட்ஜுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறியிருக்கிறது. நீ நலம் என்று போனில் சொன்னாய், உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. போனில் பேசினால் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு எல்சாவின் மகன் ரெனிஷ் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறானே, அவன் பையில் பருப்புப் பொடியோடு சேர்த்து இதையும் வைத்து அனுப்புகிறேன்.

முதலில் ஃப்ரிட்ஜ் கதை, நீ பாதிதான் கேட்டாய். இந்த வருடம் நம் மலையில் பனி கொட்டுகிறது, விடிந்து பார்த்தால் கேரட் தோட்டமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி கிடக்கிறது. அப்படிப்பட்ட குளிரில் நம் ஃப்ரீசரில் இருந்த ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடினால் யாருக்குத்தான் பேய் பிசாசு நினைப்பு வராது? கிறிஸ்துமஸுக்கென்று எல்சா வாங்கி, அவள் வீட்டில் இடம் போதாமல் நம்மிடம் வைத்த வாத்து தொளதொளவென்று ஆகிவிட்டது. அவள் அன்றைக்கே குழம்பு வைத்து நமக்கும் கொடுத்தாள், ஆனால் கொடுத்தபோது அவள் முகம் இருந்ததே. அப்பா உடனே கேஸ் லீக் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் இருந்தவர்தான், ஆசிட் பிரிவின் வாசல் வழியாகத் தினமும் நடந்து போனதிலேயே கெமிஸ்ட்ரி கற்றுக்கொண்டதாக நினைப்பு. மெக்கானிக் மூக்கனை வரவழைத்து, என்ற புள்ளை இந்தக் கேஸையே புதுசா செய்யறவ, பாத்துப் போடு என்று மிரட்டினார். மூக்கன் பயந்துபோய்க் கேஸ் ஏற்றினார், ஐஸ் உருகியது, மறுபடி வந்து ஏற்றினார், மறுபடியும் உருகியது. கடைசியில் அவரே, ஏனுங்க, அம்மிணியவே ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படித்தான் லேபில் இருந்த உனக்குப் போன் வந்தது. நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது, அது கீழ்த் தட்டை மட்டும்தான் பார்க்கும், சமையல்கட்டே ஃப்ரிட்ஜ் அளவு குளிர்ந்து கிடந்தால் நம் வேலை முடிந்தது என்று மோட்டாரை ஓட்டாமல் விட்டுவிடும், மேலே ஐஸ் உருகிவிடும், கேஸ்மேல் குற்றமில்லை, சமையல்கட்டைச் சூடாக்குங்கள் என்று. அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற ஒரே ரூம் ஹீட்டர் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது. அது கதகதப்பாக நின்றுகொண்டு ஐஸ் உறைய வைக்கிறது, நாங்கள் குல்லாயோடு கட்டிலில் நடுங்குகிறோம். அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடுகிறார், கேட்டால் கண்காணிக்கிறாராம்.

நீ சிரித்தது அன்றோடு சரி. அடுத்த போனிலேயே உன் கேஸ் கதையைச் சொன்னாய். எனக்குப் புரிந்தது சரியா என்று பார். ஃப்ளோரின் சேர்த்து நீ செய்கிற புதுக் கேஸ் பழையதைப் போல வானத்தைச் சூடாக்காது, ஆனால் அது பிறக்கும்போதே கூட ஓர் இரட்டையும் பிறந்துவிடுகிறது. இரண்டுக்கும் சரக்கு ஒன்று, எடை ஒன்று, கை மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. உனக்கு வேண்டியது கடுங்குளிரிலும் கேஸாக நிற்கும், மற்றது நம் ஊர்ப் பனிக்கே தண்ணீராகி உட்கார்ந்துவிடும். குளிர் தாங்காத விஷயத்தில் அது என் கட்சி. வேண்டியது மட்டும் வரவேண்டும் என்று நீயும் வினையூக்கிப் பொடியை மாற்றி மாற்றிப் போடுகிறாய், இரட்டை விடாமல் ஒட்டிக்கொண்டு வருகிறது. மார்ச்சுக்குள் அது குறையாவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவதாக உங்கள் புரொபசர் சொல்லிவிட்டார். மூடினால் நீ ஊருக்கு, சரியாக வந்தால் இன்னும் மூன்று வருடம் அங்கேயே. இதைச் சொல்லிவிட்டு நீ அழுதாய். அப்பா போனைப் பிடுங்கி, அந்த இரட்டைய வடிகட்டிக் கொட்டிப்போடு கண்ணு என்று யோசனை சொன்னார். கோபித்துக்கொள்ளாதே, பதறினால் அவருக்கு அப்படித்தான் வாய் ஓடும்.

நேற்று மாரியம்மன் கோயிலுக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்தேன். பூசாரி பேர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு, என்னன்னு வேண்டிக்கிறதுங்க என்றார். கேஸ் நல்லபடி வரட்டும் என்றால் இன்னும் மூன்று வருடம் உன் முகத்தைப் போனில்தான் பார்க்க வேண்டும். வராமல் போகட்டும் என்றால் நானெல்லாம் ஓர் அம்மாவா? பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஒருத்தி, சீக்கிரம் கேளுங்கக்கா, பஸ்ஸு போயிரும் என்றே சொல்லிவிட்டாள். என் மகள் செய்கிற ஃப்ளோரின் கேஸ் நினைத்தபடி வரவேண்டும் என்று சொல்லிவிட்டேன். பூசாரி அப்படியே அம்மனிடம் ஒப்பித்தார், ஃப்ளோரினில் மட்டும் கொஞ்சம் இழுத்தார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது காயத்ரி, போனில் சொன்னால் உனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது என்றுதான் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, லேபில் கையுறை இல்லாமல் ஆசிட் பக்கம் போகாதே. அம்மன் உன் கூடவே நிற்கட்டும், நீ தொட்ட காரியம் கைகூடட்டும் என்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இது ஒன்றை மட்டும் மறக்காதே. கேஸ் சரியாக வந்துவிட்டால் எந்த நேரமானாலும் போன் செய். வரவில்லை என்றால் போன் எல்லாம் வேண்டாம், நேராக வீட்டுக்கு வந்துவிடு.

இப்படிக்கு உன் அம்மா,
புஷ்பவல்லி வேலுமணி